நீங்களே ஒரு விலை சொல்லுங்க

ஜம்பட்டா வீதி, மாடிப்படிக்குக் கீழே
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நின்றது.
பச்சை லுமாலா.
இரண்டு டயரிலும் காற்றில்லை,
ஹேண்டிலில் யாருடையதோ மழைக்கோட்டு.
மகன் கத்தாருக்குப் போய் ஏழு வருடமாம்.
எமெல்டா அக்கா கைலேஞ்சியால் சீட்டைத் துடைத்தார்,
வந்தவருக்குக் கதிரை துடைப்பது போல.

நான் பிறேக்கை அமுக்கிப் பார்த்தேன்.
சங்கிலியைப் பார்த்து உச்சுக்கொட்டினேன்.
அதற்கு நாலு சொட்டு எண்ணெய் போதும்;
உச்சுக்கொட்டுவதற்குத் தனிச் சம்பளம் இருக்கிறது.
பிறகு இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த
மிக மரியாதையான வாக்கியத்தைச் சொன்னேன்:
"நீங்களே ஒரு விலை சொல்லுங்க அக்கா."

வெளியே பெற்றோல் வரிசை
கொச்சிக்கடைப் பக்கமாக வளைந்து கிடந்தது.
மூன்று வாரமாக ஜன்னலால் அதைத்தான் பார்க்கிறார்.
அந்த வரிசையின் மறு நுனி
தன் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதென்று
அவருக்குத் தெரியாது.
"ஆறாயிரம் கூடவா, தம்பி?"
கூட என்று நான் சொல்லவில்லை.
குறைவு என்றும் சொல்லவில்லை.
எண்ணிக் கொடுத்தேன். புதுத் தாள்கள்.

பஞ்சிகாவத்தையில் ஜவ்பர் பிரித்துப் போட்டான்.
இரண்டு டியூப், நாலு பிறேக் கட்டை, இடது பெடல்,
ஒரு டின் கறுப்பு:
நாலாயிரத்து எழுநூறு, பிளேன்டீயும் சேர்த்து.
மணியை மட்டும் மாற்றவில்லை. நல்ல பித்தளை.

மூன்றாம் நாள் சுஜீவ வந்தார்.
ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறவர்,
கொலன்னாவையிலிருந்து தினமும் நடை,
சப்பாத்தின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.
அவரிடம் அந்த வாக்கியத்தை நான் எடுக்கவில்லை.
முப்பத்தெட்டு என்றேன்.
ஒரே ஆள் ஓடினது என்றேன், அது உண்மை.
பொய் சொல்லாத நாட்களில்தான்
எனக்கு லாபம் அதிகம்.

இலக்கம் அராவிய சைக்கிளை நான் தொட்டதில்லை.
வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.
அது நேர்மையா, மருதானைப் பொலிஸா என்று
ஜவ்பர் கேட்பான்; சிரிப்பேன்.
களவு இல்லை. கள்ளத் தராசு இல்லை.
அவர் சொன்ன விலையைக் கொடுத்தேன்,
நான் சொன்ன விலையை வாங்கினேன்.
இடையில் இருந்தது
எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத
ஒரு செவ்வாய்க்கிழமை.

பெற்றோல் வந்தது.
சுஜீவ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
பாதி தந்தாலும் போதும் என்றார் சிங்களத்தில்.
பதினொன்று என்றேன்.
கொக்கிகளில் தொங்கிய பத்தொன்பதையும்
நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார்.
காசை எண்ணாமலே சட்டைப் பைக்குள் வைத்தார்.
எண்ணியிருக்கலாம்.

தை மாதம் எமெல்டா அக்கா கடைக்கு வந்தார்.
புறக்கோட்டைக் கந்தோர்களுக்குப் பற்றிஸ் கொண்டுபோக
ஒரு பையனைப் பிடித்திருக்கிறாராம்.
வரிசையாய் நின்றவற்றின் மணிகளை
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார்,
பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பது போல.
கறுப்பில் நின்றார்.
இரண்டாம் முறையும் அடித்தார்.
"இது எவ்வளவு தம்பி?"

ஆறுக்குக் கொடுத்துவிடலாம்.
கொடுத்தால், அந்த நல்ல மனதுக்குக் காசு கட்டியவர்
சுஜீவ.
பதினெட்டு சந்தை விலை.
சந்தை விலை என்று சொல்லித்தான் பார்ப்போமே,
இத்தனை நாளும் அது என் பக்கம்தானே நின்றது.
வாய் வேறொன்றைச் சொன்னது, முதல் தடவையாக மனதறிந்து:
"நீங்களே ஒரு விலை சொல்லுங்க அக்கா."

"போன முறையும் நான்தானே சொன்னேன்."

ஜவ்பர் ரேடியோவைக் குறைத்தான்.

"இந்த முறை நீங்க சொல்லுங்க" என்றார்,
கையை மணியிலிருந்து எடுக்காமல்.